கை தட்டும் கை, மனு எழுதும் கை

1. ஊரின் பெயர்

ஐதராபாத் ஒரு பெரிய நகரம். அதன் கிழக்குப் பக்கம் ஹப்சிகுடா இருக்கிறது. ஒரு பக்கம் தார்நாகா. மறு பக்கம் உப்பல். பக்கத்திலேயே உஸ்மானியா பல்கலைக்கழகம். 2017-ல் இந்த வழியில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. எந்நேரமும் வண்டிச் சத்தம்தான்.

ஹப்சி என்றால் யார்? ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா என்றொரு நாடு உண்டு. அதன் பழைய பெயர் அபிசீனியா. அங்கிருந்து வந்தவர்களை இங்கே ஹப்சி என்று அழைத்தார்கள். குடா என்றால் குடியிருப்பு. ஹப்சிகள் குடியிருந்த இடம் ஹப்சிகுடா ஆனது என்று சொல்கிறார்கள்.

வருடத்தில் ஒன்பது நாள் இந்தப் பகுதியின் தெருக்கள் மாறிவிடும். மாலையானால் பெண்கள் வெளியே வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு. தட்டின் மேல் ஒரு பூக்கோபுரம். அதைத் தெரு நடுவில் வைப்பார்கள். சுற்றி வட்டமாக நிற்பார்கள். குனிந்து, நிமிர்ந்து, கை தட்டி ஆடுவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள்.

செகந்திராபாத் பக்கம் பல தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. முதல்முறை பார்க்கும் தமிழ்ப் பெண், "அட, இது நம்ம கும்மி மாதிரியே இருக்கே!" என்பார். ஆம். கும்மிக்கு இது தங்கை முறை. இதன் பெயர் பதுகம்மா.

பண்டிகைக்கு ஆடும் ஆட்டம்தான் இது. ஆனால் ஒரு காலத்தில் இது போராட்டத்துக்கும் துணை நின்றது. அந்தக் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

2. பூவின் வட்டம்

தெலுங்கில் பதுகு என்றால் வாழ்வு. வாழு என்றும் பொருள். பதுகம்மா என்றால் "வாழம்மா" என்று வாழ்த்துவது போல.

புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசை அன்று பதுகம்மா தொடங்கும். துர்காஷ்டமி அன்று முடியும். அதற்கு அடுத்து தசரா வரும். அது மழை பெய்து ஓயும் காலம். ஏரி குளங்களில் தண்ணீர் நிற்கும். வயல் வரப்பில் பூக்கள் பூத்துக் கிடக்கும்.

அந்தப் பூக்களை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தங்கேடு என்ற மஞ்சள் பூதான் முதல் பூ. அது வேறு எதுவும் இல்லை. நம் ஊர் ஆவாரம்பூதான். அடுத்தது குனுகுப் பூ. அது கோழிக்கொண்டைப் பூவின் இனம். பிறகு சாமந்தி, துலுக்கச் சாமந்தி. எல்லாம் கிராமத்தில் தானாகக் கிடைக்கும் பூக்கள், வீட்டுக் கொல்லையில் வளரும் பூக்கள். நகரத்தில் இருப்பவர்கள்தான் கடையில் வாங்குகிறார்கள்.

தாம்பாளத்தில் பூசணி இலையைப் பரப்புவார்கள். அதன் மேல் பூக்களை வட்ட வட்டமாக அடுக்குவார்கள். கீழே அகலம். மேலே போகப் போகக் குறுகும். உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரியம்மா இருப்பாள்.

ஒன்பதாம் நாள் பெரிய பதுகம்மா. அன்று தயிர்ச்சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு எல்லாம் உண்டு. ஆடி முடித்ததும் பதுகம்மாவை எடுத்துப்போய்க் குளத்தில் விடுவார்கள். சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

ஆகவே பதுகம்மாவுக்கு மூன்று வேண்டும். ஒன்று பூ. இரண்டு, கூடி ஆடும் பெண்கள். மூன்று, ஒரு குளம். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். குளத்தின் கதை பின்னால் வரும்.

3. வட்டத்தின் பலம்

"கூட்டத்துக்கு வா" என்று அழைத்தால் பல பெண்கள் தயங்குவார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதே, அக்கா."

"பேச வேண்டாம், தங்கச்சி. கை தட்டினால் போதும்."

இப்படிச் சொன்னால் வந்துவிடுவார்கள். ஏன் தெரியுமா?

வட்டத்தில் முதல் வரிசை கிடையாது. கடைசி வரிசையும் கிடையாது. எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கலாம். அடி தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆடலாம். இரண்டு சுற்று வந்தால் கற்றுக்கொள்ளலாம்.

தனியாகப் பாடினால் குரல் நடுங்கும். நாற்பது பேரோடு பாடினால் நடுங்காது. ஒரே தாளத்துக்கு அடி வைக்கும்போது "நான் தனி ஆள் இல்லை" என்று உடம்புக்கே தெரிகிறது. பயம் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. மெட்டு பழையதாக இருக்கலாம். வரியை மாற்றிக்கொள்ளலாம். நேற்று மாமியார் வீட்டுக் கதையைப் பாடினார்கள். இன்று தண்ணீர் வராத குழாயைப் பாடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதை மனப்பாடம் செய்துவிடுவார். மறுநாள் அடுத்த தெருவில் பாடுவார்.

இதற்கு மேடை வேண்டாம். மைக் வேண்டாம். பணமும் வேண்டாம். இடமும் ஆளும் இருந்தால் போதும். ஏழைகளின் போராட்டங்களில் ஆட்டமும் பாட்டும் கலந்தே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. சாலைக்கு வந்த பூ

1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேச மாநிலம் உருவானது. ஐதராபாத் மாநிலத்தில் தெலுங்கு பேசிய மாவட்டங்கள் தெலங்கானா. அவை ஆந்திர மாநிலத்தோடு சேர்க்கப்பட்டன. சேரும்போது தெலங்கானா மக்களுக்குச் சில உறுதிகள் தரப்பட்டன. அவை காப்பாற்றப்படவில்லை என்று மக்கள் குறைப்பட்டார்கள். 1969-ல் தனி மாநிலம் கேட்டுப் பெரிய கிளர்ச்சி நடந்தது. உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் அதில் முன்னால் நின்றார்கள். பலர் உயிரிழந்தார்கள். தனி மாநிலம் கிடைக்கவில்லை.

மக்கள் கேட்டவை மூன்று. தண்ணீர், நிதி, வேலை. இந்த மூன்றிலும் எங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்றார்கள். இன்னொரு வருத்தமும் இருந்தது. எங்கள் பேச்சைக் கேலி செய்கிறார்கள், எங்கள் பண்டிகையைப் பட்டிக்காட்டுப் பண்டிகை என்கிறார்கள் என்று மனம் நொந்தார்கள்.

2001-க்குப் பிறகு இயக்கம் மறுபடி சூடு பிடித்தது. 2002-ல் காமாரெட்டியில் "தூம் தாம்" என்ற கலை நிகழ்ச்சி நடந்தது. பாட்டு, ஆட்டம், தப்பு, பேச்சு எல்லாம் ஒரே மேடையில். பிறகு அது ஊர் ஊராகப் போனது. விடிய விடிய மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எழுந்து ஆடினார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குத் தெரிந்ததையே செய்தார்கள். பதுகம்மாவை வீட்டு முற்றத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கேலி செய்யப்பட்ட பண்டிகையையே கொடியாகத் தூக்கினார்கள்.

2009 டிசம்பர் 9 அன்று தெலங்கானா மாநிலம் அமைக்கும் வேலை தொடங்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் வேலை தொடங்கவில்லை. 2011 செப்டம்பர் 13 அன்று எல்லா மக்களும் சேர்ந்து ஒரு பெரிய வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், பஸ் தொழிலாளர்கள், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். அது 42 நாள் நடந்தது.

அந்த நாள்களில்தான் பதுகம்மாவும் வந்தது. பள்ளி இல்லை. பஸ் இல்லை. சம்பளமும் இல்லை. ஆனாலும் பெண்கள் பூ அடுக்கினார்கள். சாலை நடுவில் வைத்து ஆடினார்கள். பழைய மெட்டில் தனி மாநிலக் கோரிக்கையைப் பாடினார்கள். கல்லூரிப் பெண்ணும் ஆடினாள். வீட்டு வேலை செய்யும் அம்மாவும் ஆடினார்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. மாநிலம் பிரியக் கூடாது என்று நினைத்தவர்களும் பலர் இருந்தார்கள். அவர்களும் கூட்டம் கூடினார்கள். இரு பக்கமும் பேசிப் பேசி, கடைசியில் முடிவு நாடாளுமன்றத்தில் நடந்தது. 2014 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா மாநிலம் பிறந்தது. அந்த ஆண்டே பதுகம்மா மாநிலப் பண்டிகை ஆனது.

ஆட்டத்தால் மட்டும் மாநிலம் வந்ததா? இல்லை. வேலைநிறுத்தம், தேர்தல், பேச்சுவார்த்தை, சட்டம் எல்லாம் சேர்ந்துதான் வந்தது. ஆனால் கூட்டத்துக்கே போகாத பெண்களை இயக்கத்துக்குள் கொண்டுவந்ததில் பூத்தட்டுக்கும் பங்கு உண்டு.

5. வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை என்று படித்தோம். அது உண்மைதான். ஆனால் வட்டத்துக்குள் யாரை விடுகிறோம்? இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

பல கிராமங்களில் தலித் பெண்கள் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து பதுகம்மா ஆட முடியவில்லை. தனியே ஆட வேண்டியிருந்தது. தலித் பெண் எழுத்தாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். "எல்லோருடைய பண்டிகை என்கிறீர்களே, நாங்கள் யார்?" என்பதே அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

தலித் மக்களிடம் வேறொரு கருவி இருந்தது. தெலுங்கில் அதற்குத் தப்பு என்று பெயர். நம் பறையைப் போன்றது. தோளில் மாட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே அடிப்பார்கள். சாவு வீட்டுக்கு அது வேண்டும். சாமி புறப்பாட்டுக்கு வேண்டும். ஊருக்குச் செய்தி சொல்லவும் வேண்டும். ஆனால் அடித்தவருக்கு ஊரில் மரியாதை இல்லை.

ஊருக்குச் செய்தி சொல்வதைத் தண்டோரா போடுவது என்போம். 1994-ல் அந்தச் சொல்லையே ஓர் இயக்கம் எடுத்துக்கொண்டது. அதன் பெயர் மாதிகா தண்டோரா. மந்தா கிருஷ்ண மாதிகா அதன் தலைவர். பிரகாசம் மாவட்டத்தில் ஈதுமுடி என்ற ஊரில் அது தொடங்கியது. மாதிகா என்பது தோல் வேலையும் தப்பு அடிப்பதும் தொழிலாகச் சுமத்தப்பட்ட சமூகம். மறைக்கச் சொன்ன சாதிப் பெயரை அவர்கள் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். தலை குனிந்து அடித்த தப்பை ஊர்வலத்தின் முன்னால் நிமிர்ந்து அடித்தார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? பட்டியல் சாதிகளுக்கான இட ஒதுக்கீட்டில் எங்களுக்கு உரிய பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். மாலா சமூகத்தினர் பலர் இதை எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாநிலங்கள் அப்படிப் பிரிக்கலாம் என்றது. 2025 ஏப்ரல் 14 அன்று தெலங்கானாவில் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1994-லிருந்து எத்தனை ஆண்டு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலும் இதே போல ஒரு வேலை நடந்தது. திண்டுக்கல்லில் 1990-ல் சகோதரி சந்திரா சக்தி என்ற கலைக்குழுவைத் தொடங்கினார். தலித் இளம்பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பறை ஆண்கள் மட்டும் அடித்து வந்த கருவி. அதை இந்தப் பெண்கள் கையில் எடுத்தார்கள். தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பாக்கக் கற்றார்கள். ஒரு கையில் நீளக் குச்சி, மறு கையில் குட்டைக் குச்சி. அடித்துக்கொண்டே, அடி பிசகாமல், வரிசையாக ஆடினார்கள். கும்மியும் ஒயிலும் ஆடினார்கள்.

சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்ட பறை மேடைக்கு வந்தது. "இது இழிவு இல்லை, இது எங்கள் கலை" என்று ஒரு பெண் மேடையில் நின்று சொன்னால், அவளுக்கு மட்டுமா பெருமை? அவள் தெருவுக்கே பெருமை.

6. கதை படித்தார்கள், கடையை மூடினார்கள்

இப்போது ஒரு பழைய செய்தி. இது எழுத்தறிவு வகுப்பில் பிறந்த செய்தி.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிறது. 1991 ஜனவரியில் அங்கே அறிவொளி வேலை தொடங்கியது. அப்போது முதலில் ஊருக்கு வந்தவர்கள் கலைக்குழுவினர்தான். ஆடினார்கள். பாடினார்கள். சின்னச் சின்ன நாடகம் போட்டார்கள். கூட்டம் சேர்ந்த பிறகுதான் "படிக்க வாருங்கள்" என்றார்கள். தமிழ்நாட்டிலும் அறிவொளிக் கலைக்குழுக்கள் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின.

நெல்லூரில் பெண்கள் படித்த பாடத்தில் சீதம்மா கதை என்று ஒன்று இருந்தது. சீதம்மா ஊர்ப் பெண்களைத் திரட்டுகிறாள். சாராயக் கடையை மூடவைக்கிறாள். இதைத் தூபகுண்டா என்ற ஊரின் பெண்கள் படித்தார்கள். தங்கள் வீட்டுக் கதையையே படித்தது போல இருந்தது. ஆண்கள் சம்பாதித்த கூலி சாராயக் கடைக்குப் போனது. பானையில் அரிசி இல்லை.

"கதையில் சீதம்மா செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது?" இந்தக் கேள்வி எழுந்தது. ரோசம்மா போன்ற பெண்கள் முன்னால் நின்றார்கள். ஊருக்குள் சாராயம் வராமல் தடுத்தார்கள். பக்கத்து ஊர்களும் சேர்ந்தன. 1992-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. சாராயக் கடை ஏலம் நடத்தவே அதிகாரிகள் திணறினார்கள். 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கும் வந்தது.

ஆனால் 1997-ல் அந்த மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வென்றதைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். வயலில் விதைத்தால் போதுமா? காவலும் இருக்க வேண்டும் அல்லவா?

7. தூர தேசத்திலும்

ஹப்சிகளின் ஊர் ஆப்பிரிக்கா என்று படித்தோம். அதே ஆப்பிரிக்காவின் தென்கோடியில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. அங்கே வெள்ளையர் அரசு கறுப்பு மக்களை ஒதுக்கி வைத்தது. தனி இடம், தனிப் பள்ளி, தனி பஸ். கறுப்பு மக்களுக்கு ஓட்டு இல்லை. அதை எதிர்த்த ஊர்வலங்களில் மக்கள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதன் பெயர் டோயி டோயி. முழங்காலை உயர்த்தித் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் மிதிப்பார்கள். கையில் ஆயுதம் இல்லை. ஆனால் தரை அதிரும். 1994-ல் எல்லா மக்களும் ஓட்டுப் போட்டார்கள். நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவர் ஆனார்.

சிலி என்ற நாட்டில் வேறு விதம். அங்கே 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பலரைப் பிடித்துப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. அந்த நாட்டில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. 1978-ல் பெண்கள் அதைத் தனியே ஆடத் தொடங்கினார்கள். நெஞ்சில் கணவன் அல்லது மகன் படம் குத்தியிருந்தது. எதிரில் ஆள் இல்லை. வெற்றிடம்தான் இருந்தது. "அவர் எங்கே?" என்று வாயால் கேட்டால் ஆபத்து. அந்த வெற்றிடம் கேட்டது.

8. பூவுக்கு ஒரு குளம்

பதுகம்மாவுக்கு ஒரு குளம் வேண்டும் என்று தொடக்கத்தில் படித்தோம். ஐதராபாத் ஏரிகளின் ஊர். ஆனால் பல ஏரிகள் சுருங்கிவிட்டன. மண் கொட்டினார்கள். வீடு கட்டினார்கள். மழை வந்தால் தண்ணீருக்குப் போக இடம் இல்லை. 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் பெருமழை பெய்தது. ஹப்சிகுடா, உப்பல் பகுதிகளிலும் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது.

ஹப்சிகுடாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் அம்பர்பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு குளம் உண்டு. பெயர் பதுகம்மா குண்டா. குண்டா என்றால் குளம். பெண்கள் பதுகம்மாவை விட்ட குளம் என்பதால் அந்தப் பெயர். பழைய பதிவேட்டில் அது 14 ஏக்கருக்கு மேல். காலப்போக்கில் குப்பையும் மண்ணும் கொட்டிக் குளம் மறைந்தே போனது. முள்செடி வளர்ந்தது. பெயர் மட்டும் மிஞ்சியது.

2024-ல் தெலங்கானா அரசு ஏரிகளையும் அரசு நிலத்தையும் காக்க ஹைட்ரா என்ற அமைப்பை உருவாக்கியது. 2025-ல் அந்த அமைப்பு இந்த இடத்தைத் தோண்டியது. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. நிலம் யாருடையது என்று வழக்கும் நடந்தது. கடைசியில் சுமார் 5 ஏக்கர் குளம் மீண்டது. 2025 செப்டம்பரில், பதுகம்மா நாள்களில், குளம் திறக்கப்பட்டது. பெண்கள் அதன் கரையில் ஆடினார்கள். பூவைத் தண்ணீரில் விட்டார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 14 ஏக்கரில் மீண்டது 5 ஏக்கர்தான். மீதி போனது போனதுதான். அந்த 5 ஏக்கர் மீண்டதற்கும் காரணம் உண்டு. இங்கே குளம் இருந்தது என்று பெயர் சொன்னது. பதிவேடும் சொன்னது. மக்களின் ஆட்டம் அந்தப் பெயரைக் காத்தது. எழுத்து அளவைக் காத்தது. இரண்டும் இருந்ததால் குளம் பிழைத்தது.

9. ஆட்டம் முடிந்த பிறகு

கை தட்டி ஆடினோம். கூட்டம் கலைந்தது. அப்புறம்? வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அது வேடிக்கையோடு முடியும். பதுகம்மா அரசுப் பண்டிகை ஆன பிறகு பெரிய மைதானங்களில் ஆயிரக்கணக்கான பெண்களை ஆட வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் எதற்காக ஆடுகிறோம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தெருப் பெண்கள் கும்மியோ கோலாட்டமோ ஆடி ஒரு கோரிக்கை வைக்க நினைக்கிறீர்களா? இப்படிச் செய்யுங்கள்.

முதலில் ஒரே ஒரு கோரிக்கையை எடுங்கள். பத்துக் குறையை ஒரே நாளில் பாட முடியாது.

எல்லோருக்கும் தெரிந்த மெட்டை எடுங்கள். வரிகளை எல்லோரும் சேர்ந்து கட்டுங்கள். யாரையும் கேவலமாகத் திட்டும் வரி வேண்டாம். குறையைச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

தெருவில் எல்லோரையும் அழையுங்கள். எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர் என்று பார்க்க வேண்டாம். வாடகைக்கு வந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பெண் ஓரத்தில் தயங்கி நின்றால் கையைப் பிடித்து உள்ளே அழையுங்கள்.

பொதுச் சாலையில் ஆடுவதாக இருந்தால் போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் யாரும் கலைந்து போக வேண்டாம். அங்கேயே மனுவைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. அந்தக் கையெழுத்து உங்கள் உழைப்பு.

மனுவின் மாதிரி இதோ:

நாள்: ........

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
........ மாநகராட்சி.

ஐயா / அம்மா,

நாங்கள் ........ தெருவில் வசிக்கிறோம். இங்கே ........ குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. குழந்தைகளுக்கு நோய் வருகிறது. வடிகாலைத் தூர் வார வேண்டும். எந்த நாளுக்குள் செய்வீர்கள் என்று எங்களுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
தெரு மக்கள்
(கையெழுத்துகள்)

மனுவுக்கு நகல் எடுத்து வையுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பதில் வரவில்லையா? 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் மனு என்ன ஆனது?" என்று கேட்டு எழுதலாம். பொதுவாகக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அப்போதும் வேலை நடக்கவில்லையா? மறுபடி வட்டமாக நில்லுங்கள். இந்த முறை பாட்டில் ஒரு வரி கூடும். மனு கொடுத்த தேதியையும் சேர்த்துப் பாடுங்கள்.

கை தட்டும் கை வேறு, மனு எழுதும் கை வேறு என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே கைதான்.

புதிய சொற்கள்

வேலைநிறுத்தம் - கோரிக்கைக்காக எல்லோரும் வேலையை நிறுத்துவது
இட ஒதுக்கீடு - படிப்பிலும் வேலையிலும் உரிய பங்கைத் தனியாக வைப்பது
பதிவேடு - விவரங்களை எழுதி வைக்கும் அரசுப் புத்தகம்
மனு - குறையைச் சொல்லிக் கேட்கும் கடிதம்
நகல் - ஒன்றைப் போலவே எடுத்த இன்னொரு பிரதி

விடை சொல்லுங்கள்

1. பதுகம்மாவுக்கு வேண்டிய மூன்று என்ன?
2. தெலங்கானா மாநிலம் எந்த நாளில் பிறந்தது?
3. தூபகுண்டா பெண்கள் எந்தக் கதையைப் படித்தார்கள்? பிறகு என்ன செய்தார்கள்?
4. பதுகம்மா குண்டா மீண்டதற்கு எவை இரண்டு துணை நின்றன?

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊர்க் கும்மியில் யார் யார் சேர்கிறார்கள்? யாரை அழைப்பதில்லை? ஏன்?
2. உங்கள் ஊரில் பெயர் மட்டும் மிஞ்சிய குளம், ஊருணி, தோப்பு ஏதாவது உண்டா? அங்கே இப்போது என்ன இருக்கிறது?

எழுதிப் பழகுங்கள்

உங்கள் தெருவின் ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மி மெட்டில் நான்கு வரி கட்டுங்கள். பிறகு அதே குறைக்கு ஒரு மனு எழுதுங்கள். இரண்டையும் வகுப்பில் உரக்கப் படியுங்கள்.